மிஷன் காரியாலயத்தில் ஏழு நாள்

வெளிநாட்டில் இயங்கும் சமய மிஷன் என்றதும் நம்மில் பலருக்கு மேடையும் மாலையும் உபந்நியாசமுமே நினைவுக்கு வரும். அந்த மேடைக்குப் பின்னாலோ மேலேயோ ஒரு சிறு அறை இருக்கிறது. அதில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ரசீதுப் புத்தகங்கள், கடித உறைகள், எந்நேரமும் ஆறிப்போன ஒரு கோப்பைத் தேநீர். 2024 ஜூலை 15 முதல் 21 வரை அந்த மேஜையின் ஒரு மூலை எனக்குச் சொந்தமாக இருந்தது. ஊர் சிங்கப்பூர். விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த என்னை, “சும்மாதானே இருக்கே, நாலு பேருக்கு உதவியா இரு” என்று சித்தி அழைத்துக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டார். பத்திரிகையில் பெயர் வர வேண்டாம் என்று மிஷனின் காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஆகவே மிஷன் என்று மட்டும் சொல்லிப் போகிறேன்.

அந்த ஊருக்கு இத்தகைய நிலையங்கள் புதியவை அல்ல. 1893இல் சிகாகோ சர்வமத மகாசபைக்குப் போகும் வழியில் விவேகானந்தர் ஏறிச் சென்ற கப்பல் சிங்கப்பூரிலும் நின்றது. இராமகிருஷ்ண மிஷனின் கிளை அங்கே 1928இல் தோன்றியது. இன்றும் அது பார்ட்லி சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்தியது. நான் கைவேலை செய்த மிஷன் அத்தனை பெரியதன்று. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பழைய கடைவீடு. கீழே கூடமும் சமையற்கட்டும், மேலே காரியாலயம், அவ்வளவுதான்.

காரியதரிசி என்று மரியாதையாக எழுதினேனே தவிர, அந்த அம்மையாரை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் அழைப்பார்கள். வயது அறுபத்தெட்டு. சிங்கப்பூரிலேயே பிறந்து, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் ரசாயனம் படிக்கிறவன் என்று தெரிந்ததும், “அப்ப கூட்டல் கழித்தல் தெரியும்ல?” என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை, 21ஆம் தேதி, குரு பூர்ணிமை. வியாசர் அவதரித்த நாள் என்று கொண்டாடுவார்கள். காலையில் பூசை, பிறகு பிரசங்கம், நடுப்பகலில் அன்னதானம். கீழ்க் கூடத்தில் ஒரே சமயத்தில் 200 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தீப் பாதுகாப்பு விதி. ஆகையால் வருகிறவர்கள் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பட்டியலைச் சரிபார்ப்பதுதான் என் முதல் வேலை. எளிதென்று நினைத்து உட்கார்ந்தேன். ‘ஆறுமுகம், குடும்பத்துடன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மொத்தம் எத்தனை முகம் என்று டெலிபோனில் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள முடியும்? இப்படி அறுபது வீடுகளுக்குப் பேசினேன். “வெள்ளிக்குள்ள நூறு வெள்ளி அனுப்புறேன் தம்பி” என்று ஒருவர் சொல்ல, ஒரு கணம் திகைத்துவிட்டேன். டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள்.

ரசீது எழுதுவதும் தனிச் சாஸ்திரம். அரசின் அங்கீகாரம் பெற்ற அறநிலையங்களுக்குச் சமுதாயத் தொண்டின் பொருட்டுக் கொடுத்தால், 2024இல் இருந்த விதிப்படி, கொடுத்ததைப் போல் இரண்டரை மடங்கை வருமானத்திலிருந்து கழித்து வரி கட்டலாம். ஆனால் கொடுத்தவரின் அடையாள எண் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். வழிபாட்டுக்காகக் கொடுப்பதற்கு இந்தச் சலுகை கிடையாது. இதைத் தமிழில் விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நா வறண்டுவிடும். “சாமிக்குத்தானே கொடுக்கிறேன், அதற்கு எதுக்குத் தம்பி நம்பர்?” என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான்.

திங்களும் செவ்வாயும் இப்படியே கழிந்தன. வாழையிலைக்குச் சொல்வது, நாற்காலி எண்ணுவது, சமையற்காரருடன் அரிசிக் கணக்குப் போடுவது. பத்துப் பேருக்கு ஒரு கிலோ, ஆகவே 20 கிலோ. “எதுக்கும் இருக்கட்டும்” என்று அவர் மேலே ஐந்து கிலோ ஏற்றினார். இவற்றை நீட்டிச் சொல்வதில் சுவை இல்லை. புதன்கிழமை சுவாமி வந்து இறங்கிய பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது.

சுவாமி இந்தியாவிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அவருடையது. அழைப்பிதழில் அவர் படம்தான் இருந்தது. வெளிநாட்டார் ஒருவர் சிங்கப்பூரில் சமயத்தைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசுவதற்குச் சுற்றுலா அனுமதி போதாது. ‘மிசலேனியஸ் ஒர்க் பாஸ்’ என்று தனி அனுமதி வாங்க வேண்டும். அழைக்கிற நிலையம்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கூடினால் 60 நாளைக்குச் செல்லும். சுவாமியின் சான்றிதழ்கள் வந்து சேரத் தாமதமாயின. விண்ணப்பமும் தாமதமாகப் போயிற்று. புதன் மாலை வரை பதில் இல்லை, வியாழனும் இல்லை.

நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார்: “பிரசங்கம் வேண்டாம். ரெண்டு நிமிஷம் ஆசி மட்டும் சொல்லட்டும். யார் கேட்கப் போறாங்க?”

“கேட்கணும்னுதானே ஐயா மைக் வைக்கிறோம்?” என்றார் டீச்சரம்மா.

அன்று அதற்குமேல் பேச்சு எழவில்லை. எனக்கென்னவோ அது அளவு கடந்த கெடுபிடியாகப் பட்டது. நம் ஊரில் ஒரு சந்நியாசி நாலு வார்த்தை ஆசி சொல்ல யாரிடம் அனுமதி கேட்கிறார்? இரவு உறைகளில் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லிவிட்டேன். டீச்சரம்மா ஒட்டுவதை நிறுத்தாமலே பேசினார்.

“ஞாயித்துக்கிழமை என்ன தேதி தம்பி?”

“இருபத்தொண்ணு.”

“அறுபது வருஷத்துக்கு முந்தி அதே ஜூலை 21ல எனக்கு எட்டு வயசு.”

1964இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதியாக இருந்தது. அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட சண்டை நகரெங்கும் கலவரமாகப் பரவியது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர், ஊரடங்கு உத்தரவு போடப்பட்டது. இவை சரித்திரப் புத்தகத்தில் உள்ளவை. டீச்சரம்மாவுக்கு நினைவிருந்தவை வேறு. அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. ஒரு பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், மறுபக்கத்தில் சீனக் குடும்பம். இருவீட்டுப் பிள்ளைகளும் இவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். யாரும் யாருடனும் பேசவில்லை. அப்பா மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தார்.

1990இல் அங்கே சமய நல்லிணக்கத்தைப் பேணுவதற்கென்று ஒரு சட்டமே இயற்றினார்கள். 1997 முதல் பள்ளிக்கூடங்கள் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. பிள்ளைகள் பல இனத்தாரின் உடைகளை உடுத்திக்கொண்டு வருவார்கள். “எங்க பள்ளியில வருஷா வருஷம் நான்தான் சீனப் பிள்ளைங்களுக்குச் சேலை கட்டிவிடுவேன்” என்றார் டீச்சரம்மா. “மேடையில யார் பேசுறாங்கன்னு அரசாங்கம் பார்க்குது. பார்க்கட்டும். நம்ம சாமிக்குத் தளர்த்தினா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து நிப்பாரு. அவரு ஆசிதான் சொல்வாருன்னு யாரு கண்டா?”

ஒரு வயோதிகச் சந்நியாசியின் ஆசியால் கலகம் வரும் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கஞ்சிப் பானையைக் கேட்ட பிறகு நான் வாதிக்கவில்லை.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே மாடிப்படியில் காலடி கேட்டது. மணி ஒன்பதரை இருக்கும். ஒருவர் கனத்த வேலைக் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை எங்களையெல்லாம் உள்ள விடுவாகளா?”

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். கட்டட வேலை, துவாஸ் பக்கம் ஒரு தங்கும்விடுதியில் வாசம். ஜூலை 6ஆம் தேதி, சனிக்கிழமை காலையில், ஊரில் அவர் தகப்பனார் இறந்துவிட்டார். மாலையே எடுத்துவிட்டார்கள். சீட்டு வாங்கிப் பறந்திருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது. கொள்ளி வைத்ததைக் கைத்தொலைபேசியில் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். ஊரில் தம்பி குளக்கரையில் பத்து மணிக்குக் கருமாதி செய்கிறான். அதே நேரத்தில் இங்கே ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். கூட இருக்கிற பையன்களும் வருகிறேன் என்கிறார்கள், மொத்தம் பதினாலு பேர். “அப்பாவைத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை. ஆனாலும் சோறு போட்டு அனுப்பணும்ல?” என்றார். பதிவு செய்யவில்லையா என்று கேட்டேன். பதிவுத் தாள் இங்கிலீஷில் மட்டும் இருந்தது என்றார். ஆமாம், அப்படித்தான் இருந்தது.

இந்தியாவில் பத்து மணி என்றால் சிங்கப்பூரில் பன்னிரண்டரை. பந்தி தொடங்கும் நேரம்.

வெள்ளிக்கிழமை மாலை குழு கூடிற்று. சுவாமிக்குப் பதிலாக ஓய்வு பெற்ற உள்ளூர்த் தமிழாசிரியர் ஒருவர் வியாசரைப் பற்றிப் பேசுவதென்று பத்தே நிமிஷத்தில் முடிவாயிற்று. மீதி ஒரு மணி நேரமும் இந்தப் பதினாலு பேரைப் பற்றித்தான். பதிவு 178, பாக்கி இடம் 22. கடைசி நேரத்தில் வரும் பெரிய நன்கொடையாளர்களுக்கு அதை வைத்திருப்பது வழக்கம். அவர்கள் இல்லாமல் அடுத்த வருஷம் கூரைக்கு வண்ணம் அடிக்க முடியாது என்றார் பெரியவர். அதிலும் பொய்யில்லை. நான் அரிசிக் கணக்கு எழுதிய தாளை எடுத்தேன். ஒரு ரசாயன வினை எந்தப் பொருள் குறைவாக இருக்கிறதோ அதனோடு நின்றுவிடும். இங்கே சோறு குறைவில்லை, இடம்தான் குறைவு. “கீழே அஞ்சடியில ஒரு பந்தி போட்டால் என்ன?” என்று கேட்டேன். அஞ்சடி என்பது கடைவீடுகளின் முன்னால் உள்ள நடைபாதை. டீச்சரம்மா முறைத்தார்: “நடக்கிற வழியை மறிக்கக்கூடாது. அதோட, அவங்களை ஏன் வாசல்ல உட்கார வைக்கணும்?”

பிறகு பேனாவை எடுத்து 179 என்று இலக்கமிட்டு என்னிடம் கொடுத்தார். “போன் போட்டுப் பேரைக் கேளு. இனிஷியலோட எழுது.”

டெலிபோன் செய்தேன். விடுதியறையில் ஒரே இரைச்சல். நம்மவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அந்தந்தப் பெயருக்கு உரியவர் பின்னாலிருந்து, “க இல்லைண்ணே, கா!” என்று கத்தித் திருத்துவார். பதினாலு பெயர் எழுத இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த வாரத்தில் நான் எழுதியவற்றுள் பிழையே இல்லாத பட்டியல் அதுதான். குழுவில் சிலர் முகம் கோணிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் வந்தார்கள், இடமும் இருந்தது.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வெங்காயம் உரித்ததைத் தவிர ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை வரையில் அனுமதி வரவில்லை. சுவாமி நாலாவது வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், உட்கார்ந்து தமிழாசிரியரின் பேச்சை ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்து வந்த சிலருக்கு ஏமாற்றம்தான். பேச்சு முடிந்ததும் அவர் காவித்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீர்ச் செம்பைத் தூக்கிவிட்டார். மேடையை விட்டு விலகிய சுவாமியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேகமான கை.

பன்னிரண்டேகாலுக்குச் சந்நிதியில் கால் வைக்க இடமில்லை. டீச்சரம்மா மேலே வந்தார். மேஜையிலிருந்த ரசீதுப் புத்தகங்களையும் பட்டியல்களையும் டெலிபோனையும் என்னிடம் எடுத்துக் கொடுத்து, ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார். அதன்மேல் விளக்கை வைத்தார். பதினாலு பேரும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்திருந்தார்கள். அறை கொள்ளாமல் நாலு பேர் படியில் நின்றார்கள். கைத்தொலைபேசியில் குளக்கரையும், தலை மழித்த ஒரு பையனும், எதிர்வெயிலும் தெரிந்தன. விளக்கு ஏற்றுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தபடியால் தொலைபேசியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஏறி வந்திருந்த சுவாமி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. நடுவில் படம் உறைந்து நின்றுவிட்டது. கை அசையாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி அசைந்தபோது ஊரில் பிண்டத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்திருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் போன பிறகு அறந்தாங்கிக்காரர் மட்டும் திரும்பி வந்து இருபது வெள்ளியை மேஜையில் வைத்தார்.

“அப்பா பேருக்கு ஒரு ரசீது வேணும்மா. ஊருக்கு அனுப்பணும்.”

நான் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவே அதை எடுத்து, பெயரைக் கேட்டு, தமிழில் முத்து முத்தாக எழுதினார். அடையாள எண் என்று போட்டிருந்த கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.