பரங்கிமலையில் ஒரு பாதாளக் கல்

பரங்கிமலைப் படிகளில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியிலுள்ள தேவாலயத்துக்குப் போகிறவர்கள். சிலர் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்க வருபவர்கள். நான் போனது படிக்கட்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் பாறைக்காக. மார்கழிக் காலை என்பதால் பாறை இன்னும் சுடத் தொடங்கவில்லை. கையை வைத்துப் பார்க்க முடிந்தது.

அதன் வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது. வெயிலும் மழையும் பட்ட முகம் காவி ஏறிப் பழுப்பாக இருக்கிறது. மூலைகள் மழுங்கி, பல பாறைகள் உருண்டையாகவே ஆகிவிட்டன. சற்றுத் தள்ளி, யாரோ எப்போதோ உடைத்துப்போட்ட ஒரு துண்டு கிடந்தது. அதன் உள்முகம் கருநீலச் சாம்பல் நிறம். எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸ்கூட இதில் நீலம் பூத்திருக்கிறது.

நமக்கு இது கருங்கல். புவியியலாளர்களுக்குச் சார்னோக்கைட். 1893இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. கல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்குக்கு ஒரு கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த பலகை சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் என்று கண்டுகொண்ட ஹாலண்ட், செத்தவர் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார். இந்த மலைக்குப் பக்கத்திலுள்ள பல்லாவரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமை என்பது என் மனத்தாங்கல்.

இந்தக் கல் உருவான இடம் இதுவல்ல. தரைக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில், மேலிருந்த பாறைகளின் எடை நசுக்க, பழைய பாறையின் கனிமங்கள் தம்முள் இருந்த நீரை இழந்தன. நீரைப் பிடித்துவைக்கும் அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும் இருந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமம் பிறந்தது. உடைந்த துண்டைக் கையில் உருட்டியபோது தெரிந்த அந்தக் கருமையில் அதற்கும் பங்குண்டு.

அப்படியானால் எப்படி மேலே வந்தது? எரிமலை கக்கியதல்ல. பரிசலில் ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினால் பரிசல் மெல்ல மேலெழும், பூமியின் மேலோடும் அப்படித்தான். மேலிருந்த பாறையை மழையும் ஆறும் அரிக்க அரிக்க, அடியிலிருப்பது எழுந்துவருகிறது. இதில் என்னை அசரவைப்பது ஒரு சின்னக் கணக்கு. இருபது கிலோமீட்டருக்கு மேல் போன பிறகும் சென்னைக்கு அடியில் இன்னும் சுமார் 35 கிலோமீட்டர் தடிப்புக்கு மேலோடு மிச்சமிருக்கிறது. இரண்டையும் கூட்டினால், அன்று இங்கே இருந்த மேலோடு இன்று இமயமலைக்கு அடியில் இருப்பதோடு ஒப்பிடத்தக்க தடிப்பு. மேலே பெரிய மலைத்தொடர் நின்றிருக்கலாம். அரித்துப்போன மண் எங்கே என்று வங்கக் கடலைக் கேட்டுப் பயனில்லை. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து இந்தக் கடல் திறந்ததே சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்த மண்ணில் பெரும்பகுதி இன்று இல்லாத கடல்களில் போய்ச் சேர்ந்திருக்கும்.

உச்சிக்கு வந்தால் ஓடுபாதை, அதையடுத்துத் திரிசூலம் மலை. கல்குவாரிகள் வெட்டித் தின்ற முகம் இங்கிருந்தே தெரிகிறது. சுற்றிலும் சமவெளி, நடுவே இந்த மொட்டைக் குன்றுகள் மட்டும் எப்படி நின்றன? நீரற்ற, இறுகிய கல் என்பதால் அரிப்புக்கு அவ்வளவு சுலபமாக இணங்கவில்லை, இணங்கியவை தரைமட்டமாயின. பாதாளத்தில் நீரை இழந்ததுதான் வெளியில் இதற்குக் காவல். நீலகிரியும் சேர்வராயனும் இதே இனக் கல்தான்; ஊட்டிக்குப் போகிறவர்கள் கால்வைப்பதும் சார்னோக்கைட்டின் மேல்தான்.

இறங்கும் வழியில், கட்டடவேலை நடக்கும் ஒரு வீட்டு வாசலில் ஜல்லிக் குவியல். நான் குனிந்து கிளறுவதைப் பார்த்த மேஸ்திரி, “முக்கால் ஜல்லி சார், நல்ல கல்லு. என்ன வேணும்?” என்றார். எந்த ஊர்க் கல் என்றேன். “இப்ப இங்க ஏது சார் குவாரி? எல்லாம் வெளியிலேருந்து லாரில வருது.” குவியலிலும் கருநீலம்தான் அதிகம்.

அங்கிருந்து பல்லாவரம் பக்கம் போனேன். குன்றுகளின் அடிவாரத்தில் கல்லின் கதை வேறு திசையில் திரும்புகிறது. வெப்பமண்டல மழையில் ஊறிய பாறையின் இரும்பு துருவேறி, செம்புரையாகவும் சரளையாகவும் படிந்த மண் இந்தப் பகுதியில் உண்டு. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தப் பல்லாவரத்தில் தோண்டியெடுத்த சரளைக்குள்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அது குவார்ட்சைட்டில் செய்தது. குன்று குன்றாய்க் கருங்கல் பக்கத்திலேயே கிடந்தும், செதுக்கியவர் கூரான சில்லாகப் பெயரும் கல்லையே தேடிப் பிடித்திருக்கிறார்.