பின்னிருக்கை

ஊர்திப் பயணத்தின் இன்பத்தைப் பற்றி ஓட்டிச் சென்றவர் பேசுவார். பின்னே அமர்ந்து வந்தவர் பெரும்பாலும் பேசுவதில்லை. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது கரோல் பாக்கின் நாயிவாலா தெரு.

1983ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு விடியற்பொழுதில் நானும் என் துணைவியும் கரோல் பாக்கிலிருந்து ஆக்ராவுக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டோம். ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவு. பெயரைப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வண்டி. அதில் தாஜ்மகாலைக் காணச் சென்றது திக்குவிசயம் செய்ததைப் போன்ற பெருமிதத்தை எனக்குத் தந்தது. மறுநாள் இரவு திரும்பியதும், “சிறிதும் களைப்பில்லை” என்று அண்டை வீட்டாரிடம் முழங்கினேன். அவள் ஒன்றும் கூறவில்லை. ஆனால் நான்கு நாட்கள் குனிந்து ஒரு குடத்தைத் தூக்க அவளால் இயலவில்லை.

இருக்கை கடினமாக இருப்பதே காரணம் என்று கருதி, வண்டிகளுக்கு இருக்கை தைத்துத் தரும் முதிய பஞ்சாபியர் ஒருவரிடம் சென்றேன். “இன்னும் மெத்தென்று ஆக்கித் தாருங்கள்” என்றேன். “பின்னால் அமர்பவர் எப்படி அமர்வார்?” என்று அவர் வினவினார். “புடவை உடுத்தியவள், ஒருபுறமாகத்தான்” என்றேன். “அப்படியானால் அவரை அழைத்து வாருங்கள். உங்களை வைத்து நான் எதை அளப்பது?” என்றார்.

மறுநாள் அவளை அமரச் செய்து பார்த்தார். பாதம் மிதிபலகைக்கு எட்டாமல் தொங்கியது. பின்னர் என்னை அவ்வாறே ஒருபுறமாக அமர்த்தி, தம் மகனை வண்டியோட்டப் பணித்தார். பூசா சாலை வரை சென்று மீள்வதற்குள் எனக்குப் பலவும் விளங்கின. சிறு சக்கரம் ஆதலால் ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கி ஏறுகிறது. ஓட்டுபவன் குழியைக் கண்டு முன்னரே உடலைத் திடப்படுத்திக் கொள்கிறான்; கைப்பிடியும் அவனுக்கு உண்டு. பின்னிருப்பவருக்கோ அதிர்ச்சி அறிவிப்பின்றி வருகிறது. இடுப்பு ஒரு திசை, தோள் மற்றொரு திசை. ஊன்றக் காலில்லாதபோது உடலின் பாரம் முழுவதும் முதுகெலும்பில் இறங்குகிறது. “உங்களுக்குச் சாலை தெரிந்தது, எனக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது” என்றாள் அவள், புன்னகையுடன்.

பெரியவர் மெத்தையைக் கூட்டவில்லை. மிகவும் மென்மையான பஞ்சு ஒரு மணி நேரத்தில் அமிழ்ந்து, அடியிலுள்ள தகடு தொடையில் பதியும் என்றார். இருக்கையை அகலமாக்கி, உறுதியான ரப்பர் வைத்துத் தைத்தார். மிதிபலகையைச் சற்று உயர்த்தச் செய்தார். பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் பொருத்தச் சொன்னார்.

1946இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளை அவர் விரும்பியதில்லை. உடையில் எண்ணெய் படாதவாறு எஞ்சினை மூடி, ஓட்டுபவர் கால் வைக்க மேடையும் அமைத்தார். முன்னிருப்பவருக்கு எத்துணை வசதி! பின்னிருப்பவரைப் பற்றிய கவலை நம் நாட்டுச் சட்டத்திலும் பின்னரே தெளிவாக இடம்பெற்றது. கைப்பிடி, மிதிபலகை, ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பு ஆகியவை வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்தன. அவ்விதியைப் படித்தபோது அந்தப் பெரியவரை நினைத்துக் கொண்டேன்.

இன்று லடாக் செல்லும் இளைஞர்கள் கரோல் பாக்கில் தங்கள் வண்டிகளுக்கு இருக்கை தைத்துக் கொள்கின்றனர். துணையுடன் செல்வோர் துணையையும் கடைக்கு அழைத்துச் செல்வார்களாக.

அடுத்த ஆண்டு நாங்கள் ஹரித்துவாரம் சென்றோம். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் இளைப்பாறுவது என்பதை அவளே முடிவு செய்தாள். ஆறு மணி நேரத்தில் முடியவேண்டிய பயணம் ஒன்பது மணி நேரம் ஆயிற்று. வீடு திரும்பியதும் அண்டை வீட்டார் களைப்பா என்று வினவினர். நான் விடை கூறாமல் அவளைப் பார்த்தேன்.