எலக்ட்ரானை யாரு சார் பார்த்தா?



அணு பாடம் நடத்திய ஒவ்வொரு வருஷமும் உங்களில் யாராவது ஒருவர் இந்தத் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டுவிடுவீர்கள். வகுப்பில் சொல்ல நேரம் கிடைக்காத இரண்டு கதைகளை இன்று எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் கதை உலோகத்தின் மேற்பரப்பில் நடப்பது. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் சுற்றித் திரியும். ஆனால் பரப்பைத் தாண்டி வெளியே வர வேண்டுமென்றால் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அதுதான் வெளியேற்று ஆற்றல். சோடியத்துக்குச் சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பு விளக்கை எவ்வளவு பிரகாசமாகக் காட்டினாலும் எலக்ட்ரான் வராது. மங்கலான ஊதா ஒளி பட்டாலே வந்துவிடும். ஏன்?

ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஒரு எலக்ட்ரானுக்கு ஒரு பொட்டலம் என்றார் ஐன்ஸ்டைன், 1905-ல். ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் நினைவிருக்கிறதா? ஒரு ரூபாய் கேட்கும் மெஷினில் எத்தனை நாலணா போட்டாலும் சீட்டு வராது. சிவப்பு ஒளி நாலணா மாதிரி.

சிகாகோவில் இருந்த ராபர்ட் மில்லிகன் இதை நம்பவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் சோதித்தார். காற்றுப் பட்டால் உலோகப் பரப்பு கெட்டுவிடும் என்று, வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தி வைத்து உலோகத்தைச் சீவிப் புதுப் பரப்பு எடுத்தார். 1916-ல் வந்த முடிவு: ஐன்ஸ்டைனின் சமன்பாடு அப்படியே பொருந்துகிறது. பொட்டலக் கருத்தை அப்போதும் அவர் மனம் ஏற்கவில்லை. ஆனாலும் அளந்ததை அளந்தபடியே அச்சிட்டார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இரண்டாவது கதை. 1928-ல் பால் டிராக் எலக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். வர்க்கமூலம் எடுத்தால் பிளஸ், மைனஸ் இரண்டும் வருமே, அதுபோல வேண்டாத விடை ஒன்றும் கூடவே வந்தது. டிராக் அதை அடித்துவிடவில்லை. எலக்ட்ரானின் அதே நிறையும், எதிரான மின்னூட்டமும் கொண்ட துகள் இருக்க வேண்டும் என்று 1931-ல் எழுதினார்.

மறுவருஷம் ஆகஸ்டில், கலிபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன் எடுத்த போட்டோ ஒன்றில், 6 மில்லிமீட்டர் ஈயத் தகட்டைத் துளைத்துச் சென்ற ஒரு தடம் தெரிந்தது. காந்தப்புலத்தில் அது எலக்ட்ரானுக்கு எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. அவர் டிராக்கின் துகளைத் தேடிப் போனவர் அல்ல; அண்டக்கதிர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதுதான் பாசிட்ரான். ஆண்டர்சனின் ஆசிரியர் யார் தெரியுமா? அதே மில்லிகன்!

காமா கதிரில் 1.02 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் இருந்தால், அணுக்கருவின் அருகே அது ஒரு எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறலாம். இதை வைத்து, வானிலிருந்து வரும் ஒரே துகள் காற்றில் எப்படி ஒன்று பலவாகப் பெருகி மழையாகப் பொழிகிறது என்று 1937-ல் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் நம் ஹோமி பாபா. கூட இருந்தவர் வால்டர் ஹைட்லர்.

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். அவர் மகள் கோட்பாட்டு இயற்பியல் படிக்க வேண்டும் என்கிறாளாம். "வெறும் பேப்பரும் பென்சிலும்தானாம் அண்ணா, அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார். பெட் ஸ்கேன் எடுத்தவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அந்த மெஷின் பிடிப்பது பாசிட்ரான் அழியும்போது கிளம்பும் கதிரைத்தான் என்று சொன்னேன். டிராக் எழுதியபோது அப்படி ஒரு மெஷின் யார் கனவிலும் இல்லை. அதே சமயம் இது சம்பளம் சீக்கிரம் கைக்கு வரும் படிப்பு இல்லை, பல வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. காத்திருப்பாளா என்பதை அவளிடமே கேளுங்கள் என்றேன்.

தரமணி கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் படித்த, படிக்கும் என் மாணவர்கள் யாராவது இருந்தால், எந்த நுழைவுத் தேர்வு, என்ன உதவித்தொகை என்று கீழே எழுதுங்கள். அவளுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்