ஆற்றலும் பணிவும் – யூத சிந்தனையில் ஒரு நோக்கு

தன்னிடம் திறமை இல்லையென்று கூறிக்கொள்வதே பணிவு என்னும் எண்ணம் பரவலாக நிலவுகின்றது. கற்றவன் தன் கல்வியை மறைத்தலும், பாட வல்லவன் தனக்குப் பாட வராதென மறுத்தலும் நற்பண்புகளாகப் பாராட்டப்படுவதுண்டு. பணிவை 'அனவா' என்னும் எபிரேயச் சொல்லாற் குறிக்கும் யூத மரபின்வழி நோக்குமிடத்து, இவ்வெண்ணம் முழுமையானதன்று என்பது புலனாகும். ஆற்றல் உண்டா இல்லையா என்பதன்று அங்கு எழும் வினா; அவ்வாற்றல் யாருக்குரியது, எதன்பொருட்டுத் தரப்பட்டது என்பதே வினா.

பூமியிலுள்ள மாந்தர் எல்லோரிலும் பணிவு மிக்கவராக எண்ணாகமம் மோசேயைக் காட்டுகின்றது. அவரோ எகிப்திய மன்னன்முன் நின்று தம் மக்களின் விடுதலையைக் கோரியவர். அவர்களுக்குச் சட்டம் வழங்கிய தலைவர். இப்பணிக்கு அழைக்கப்பட்டபோது, தாம் நாவன்மை அற்றவரென்று கூறி அவர் ஒதுங்க முயன்றார். மனிதனுக்கு வாயை அளித்தவர் யாரென்று இறைவன் வினவினார். பின்னும் அவர் தயங்கியபோது சினங்கொண்டார் என யாத்திராகமம் உரைக்கின்றது. மோசேயின் பணிவு போற்றப்பட்டது. அவரது மறுப்பு ஏற்கப்படவில்லை.

அதே நூலில் வரும் பெசலெயேல் என்னும் கைவினைஞனின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். பாலைவனத்திலே இறைவனுக்குக் கூடாரம் அமைக்கும் பணி அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றிலும், மணிகளைச் செதுக்குவதிலும், மரவேலையிலும் அவன் வல்லவன். அவ்வன்மை இறைவனின் ஆவியால் அவனுள் நிரப்பப்பட்டதென்பது நூலின் கூற்று. கைத்தொழிலும் இறையருளே எனக் கொள்ளுமிடத்துத் தொழில் வழிபாடாகிவிடுகின்றது. பிறருக்குக் கற்பிக்கும் உள்ளமும் அவனுக்கு அருளப்பட்டமை மனங்கொளத்தக்கது. தன் வித்தையைத் தன்னோடு பூட்டி வைப்பவன், பெற்றதைத் திருப்பிக் கொடுத்தவன் ஆகான்.

பணிவு பொறுப்பைத் தவிர்க்கும் வழியாகுமிடத்து விளையும் கேட்டினைத் தல்மூது ஒரு கதையால் உணர்த்துகின்றது. உரோமப் பேரரசன் எருசலேம் ஆலயத்துக்குப் பலியாக அனுப்பிய கன்றுக்கு, அதனைக் கொண்டுவந்தவன் வஞ்சகமாகச் சிறு ஊனம் உண்டாக்கினான். ஊனமுற்றதைப் பலியிடுதல் விதிக்கு மாறு. பலியிடாவிடின் பேரரசின் பகை மூளும். அமைதியின் பொருட்டு ஏற்கலாமென அறிஞர் கருதினர். செக்கரியா பென் அவ்குலாஸ் என்பவரோ, மக்கள் தவறாக விளங்கிக்கொள்வரென அஞ்சி இணங்கவில்லை. வஞ்சகனைத் தண்டிக்கவும் உடன்படவில்லை. கி. பி. 70இல் ஆலயம் அழிந்தமைக்கு இவரது பணிவே காரணமாயிற்றெனப் பிற்காலத்து யோகனான் என்னும் அறிஞர் கூறியதாகத் தல்மூது குறிப்பிடுகின்றது. இங்குள்ள சொல்லைப் பொறுமை எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், தீர்மானிக்க வேண்டிய வேளையில் தீர்மானியாமை நற்பண்பாகக் கொள்ளப்படவில்லை.

பணிவையும் ஆற்றலையும் தம் வாழ்விலே இணைக்க முயன்றவர் மைமோனிடிஸ். ஸ்பெயினின் கொர்தோபாவிலே பிறந்த இவர், எகிப்திலே வாழ்ந்து 1204இல் மறைந்தார். குணங்களில் நடுவழியை வற்புறுத்திய அவர், செருக்கு, சினம் ஆகியவற்றிலிருந்து மட்டும் மறு எல்லைவரை விலகவேண்டும் என்றார். ஆயினும், தமது 'மிஷ்னே தோரா' என்னும் சட்டத் தொகுதியின் முன்னுரையில், வேதத்தையும் இந்நூலையும் கற்றவர்க்கு வாய்மொழி மரபை அறிய வேறு நூல் வேண்டா என்றும் எழுதினார். இது செருக்கன்றோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. பிரான்சிய அறிஞர் ஆபிரகாம் பென் தாவீது அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தார். எனினும் தென் பிரான்சின் லூனேல் நகர அறிஞர்கள் அந்நூலைப்பற்றி ஐயங்களை எழுப்பியபோது, மைமோனிடிஸ் அவர்களைப் பாராட்டி மறுமொழி எழுதினார். தம் ஆற்றலின் அளவை மறைக்காதவர், தம்மைத் திருத்த முயன்றோரை வெறுக்கவுமில்லை.

வேதக் கல்வியைப் பிழைப்புக்கு வழியாக்குதலை அவர் வன்மையாகக் கண்டித்தார். வணிகத்தால் குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது இந்து சமுத்திரத்தில் மூழ்கி இறந்தபின், மருத்துவமே அவரது சீவனோபாயமாயிற்று. தம் நூலை மொழிபெயர்த்த சாமுவேல் இப்னு திப்பொனுக்கு 1199இல் எழுதிய கடிதத்திலே அன்றாட அலுவல்களை விவரித்துள்ளார். காலையில் அரண்மனை; பசியோடு வீடு திரும்பினால், யூதரும் பிறரும், நண்பரும் பகைவருமாக நோயாளர் கூட்டம்; இரவிலே களைப்பால் படுத்தவாறே மருத்துவம் கூறும் நிலை. உண்பதும் உறங்குவதும் உட்பட மனிதனின் செயல்கள் அனைத்தும் இறைவனை அறிதல் என்னும் ஒரே இலக்கை நோக்க வேண்டுமென்று போதித்தவர், அப்போதனைக்குத் தந்த விலை இது.

மிகுதியாகக் கற்றவன் அதற்காகத் தன்னைப் பாராட்டிக்கொள்ளலாகாது, அவன் படைக்கப்பட்டதே அதற்காகத்தான் என்பது ஆலய அழிவின் காலத்து அறிஞர் யோகனான் பென் சக்காயின் கருத்து. கடனைத் திருப்பிக் கொடுத்தவன் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்வதில்லை. கடனே பெறவில்லை என்று சாதிப்பதுமில்லை. பட்டமும் புலமையும் தேடுவோர் தம்மிடம் கேட்கவேண்டிய வினாவும் இதுவே: பெற்ற கல்வி யாருடைய வாசலிலே திருப்பிக் கொடுக்கப்படுகின்றது?