பெராட் கோட்டைக்குள் குடியிருப்பவர்கள்

பெராட் கோட்டை வாசலில் நின்று சுவரின் அடியைப் பார்க்க வேண்டும். அடிவரிசையில் சாந்தே இல்லாமல் அடுக்கிய பெருங்கற்கள், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இல்லிரியர் காலத்தில் வைத்தவை. அவற்றின் மேல் சிறு கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பைசாந்தியர் எழுப்பிய சுவர். வாசலருகே அந்தச் சுவரிலேயே செங்கல் பதித்து ஒரு சிலுவையும் சில எழுத்துகளும் அமைத்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் எபைரஸ் நாட்டை ஆண்ட டூகாஸ் வம்சத்து மிகயிலின் பெயர்க்குறி அது. இல்லிரியக் கல்லுக்கும் மிகயிலின் செங்கல்லுக்கும் நடுவே ஆயிரத்து அறுநூறு ஆண்டு. கையை விரித்தால் இரண்டையும் தொட்டுவிடலாம்.

அல்பேனியாவின் தலைநகர் திரானாவிலிருந்து தெற்கே பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய ஊர் பெராட். ஓசும் ஆற்றின் ஒரு கரையில் மாங்கலெம், மறுகரையில் கோரித்ஸா; மாங்கலெமுக்கு மேலே குன்றின் உச்சியில் கோட்டை. மாங்கலெம் வீடுகளின் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவில் ஏறும் காட்சிதான் எல்லாப் படங்களிலும் வரும். யுனெஸ்கோ 2008-இல் இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படத்தில் வராத பகுதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சண்டைக் காலத்தில் இந்தக் கோட்டைச் சுவர்கள் பலமுறை ஊரைக் கைவிட்டிருக்கின்றன. கி.மு. 200-இல் ரோமப் படை உள்ளே புகுந்து, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களைக் கொன்று, மதிலை இடித்து, ஊரை எரித்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அன்று ஊரின் பெயர் அந்திபாத்ரேயா. 1417-இல் ஒட்டோமானியர் பிடித்தார்கள். அல்பேனியர் தங்கள் வீரத் தலைவனாகக் கொண்டாடும் ஸ்கந்தர்பெக் 1455-இல் இதை மீட்க முற்றுகையிட்டுத் தோற்றார். துருக்கியக் குதிரைப்படை எதிர்பாராமல் வந்து தாக்க, அவர் பக்கம் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அவருக்குக் கிடைத்த மிகக் கசப்பான தோல்விகளில் ஒன்று அது.

ஆனாலும் உள்ளே போனால் பாழடைந்த இடம் என்ற எண்ணமே வராது. மதிலுக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வழுவழுவென்று தேய்ந்த கற்கள் பாவிய சந்துகள், இருபுறமும் உயரமான சுற்றுச்சுவர்கள், அவற்றின் மேல் படர்ந்த திராட்சைக் கொடி, கொடிக்கயிற்றில் துணி. வாசற்படிகளில் பாட்டிமார்கள் தங்கள் கையால் பின்னிய வெள்ளை மேஜை விரிப்புகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்தாளியாக ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் வருவது க்லிகோ. பிஞ்சு அக்ரூட்டையோ அத்திக்காயையோ முழுசாகவே சர்க்கரைப் பாகில் காய்ச்சி வைத்திருப்பார்கள். சின்னத் தட்டில் ஒன்றிரண்டு, ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர். அக்ரூட் பாகில் ஊறிக் கறுத்துப் போயிருக்கும். ஓடு முற்றாத பருவத்தில் பறித்ததால் பல்லுக்கு மெத்தென்று இருக்கும். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டால் நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டலாம். அங்கேயும் அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள். மற்ற ஐரோப்பியப் பயணிகள் தடுமாறும் இடத்தில் தமிழ்நாட்டுக்காரருக்குச் சிரமமே இல்லை.

கோட்டைக்குள் பைசாந்தியத் தேவாலயங்கள் பல இருக்கின்றன. காவல் வீரர்களுக்காகக் கட்டிய செம்மசூதியில் இப்போது மினாரின் அடிப்பகுதியும் சில சுவர்களுமே மிச்சம். நடுவிலுள்ள மரியன்னை பேராலயம் 1797-இல் எழும்பியது. அதுவே இப்போது ஒனுஃப்ரி அருங்காட்சியகம். ஒனுஃப்ரி 16-ஆம் நூற்றாண்டுத் திருவுருவ ஓவியர். அவருடைய சிவப்பு நிறம் தனிப் புகழ் பெற்றது. புனிதர்களின் மேலாடையில் அந்தச் சிவப்பைப் பார்த்தால், நேற்றுப் பூசியதோ என்று தோன்றும். மகன் நிக்கோல்லாவும் ஓவியர்தான். பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் சுவரோவியங்களில் 1578 என்று ஆண்டு குறித்திருக்கிறார். ஒனுஃப்ரியின் ஓவியங்களுக்கு ஒரு முழு மாலையையே ஒதுக்கலாம்.

1967-இல் என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் அரசு மதத்தையே தடை செய்தது. நாடெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்களை மூடினார்கள், பலவற்றை இடித்தார்கள். பெராட் 1961-லேயே ‘அருங்காட்சியக நகரம்’ என்று அறிவிக்கப்பட்டிருந்ததால் இங்கே பெரும்பகுதி தப்பியது. அதைவிட முன்பே தப்பியது ஒரு புத்தகம். ஊதாச் சாயமேற்றிய தோல் ஏடுகளில் வெள்ளி மையால் எழுதிய 6-ஆம் நூற்றாண்டு நற்செய்தி நூல். மத்தேயுவும் மாற்குவும் அடங்கிய 190 ஏடுகள். கோட்டைத் தேவாலயத்தில் இருந்த அந்தக் கைப்பிரதியை, படைகள் வந்தபோதெல்லாம் ஊர்க்காரர்கள் மறைத்தே காத்தார்கள். 1968-இல் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் பழுதுபார்க்கச் சீனாவுக்கு அனுப்பியது மதத்தைத் தடை செய்த அதே அரசுதான். இப்போது திரானாவின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது.

ஏட்டை மறைத்த ஊர் ஆட்களையும் மறைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 நவம்பரில் அமெரிக்க மருத்துவப் படையினர் வந்த விமானம் ஒன்று வழிதவறி அல்பேனியாவில் தரையிறங்கியது. உள்ளே முப்பது பேர். அவர்களில் 13 பேர் செவிலியர். பெராட் வந்துசேர்ந்த அவர்களுக்கு ஊர் மக்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். சில நாளில் ஜெர்மானியர் ஊரைத் தாக்க, கூட்டம் சிதறி ஓடியது; மூன்று செவிலியர் மட்டும் ஊரிலேயே சிக்கிக்கொண்டார்கள். ஜெர்மானியர் நடமாடிய அதே ஊரில் ஒரு குடும்பம் அவர்களை 1944 மார்ச் வரை வீட்டுக்குள் வைத்துக் காத்து, பத்திரமாக வெளியேற வழி செய்தது. யூதர்கள் கதையும் அப்படியே. போருக்கு முன்பு இருந்ததைவிடப் போருக்குப் பின் யூதர்கள் கூடுதலாக இருந்த நாடு அல்பேனியா. வேறு நாடுகளிலிருந்து ஓடிவந்தவர்களுக்கும் அங்கே வீட்டுக் கதவு திறந்தது. பெராட்டிலும் முஸ்லிம் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் அவர்களை ஒளித்து வைத்தன. 2018-இல் திறந்த சாலமன் அருங்காட்சியகம் என்ற சின்ன இடத்தில் அந்தக் குடும்பங்களின் பெயர்களும் படங்களும் இருக்கின்றன. ஏன் செய்தார்கள் என்று கேட்டால் ‘பெசா’ என்பார்கள்: கொடுத்த வாக்கு, வந்தவரைக் காக்கும் கடமை. அதற்குமேல் விளக்கம் சொல்ல மாட்டார்கள். மதிலால் முடியாததை இந்த வீடுகள் செய்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

அந்த வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2011-இல் 28 லட்சமாக இருந்த நாட்டின் மக்கள்தொகை 2023 கணக்கெடுப்பில் 24 லட்சமாகக் குறைந்துவிட்டது. இளைஞர்கள் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். மதிலைச் செப்பனிடப் பணம் கிடைக்கிறது. உள்ளே குடியிருக்க ஆள் கிடைப்பது கடினமாகி வருகிறது. மிச்சமிருப்பவர்களில் சிலர் மேல்மாடி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பெராட் போகிறவர்கள் கீழே பெரிய ஓட்டலில் தங்க வேண்டாம். கோட்டைக்குள் அப்படி ஒரு வீட்டில் அறை எடுங்கள். மாலையில் ஆற்றங்கரைச் சாலைக்கு இறங்கி வாருங்கள். குழந்தை முதல் கிழவர் வரை நல்ல உடை உடுத்தி அங்குமிங்கும் உலாவும் ‘ஜிரோ’ அப்போதுதான் தொடங்கும். திரும்பி ஏறும்போது கல் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.