மணியாச்சியில் மண் பொறுக்கினேன்!

மணியாச்சி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1911 ஜூன் 17 ஞாபகம் வரும். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட ரயில் நிலையம். அதனால்தான் போர்டில் 'வாஞ்சி மணியாச்சி'. ரயில்வே டைம்டேபிள் பைத்தியங்களுக்கு அது தூத்துக்குடிப் பாதை பிரிகிற ஜங்ஷன். எனக்கு, அத்தை வீடு.

சாத்தூர் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே பூமி கறுத்துவிடும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், மரியாதையாக மெல்லவும்), கடம்பூரில் போளி என்று வாய்க்கு வேலை கொடுத்துக்கொண்டே வரலாம். கண்ணுக்கு உளுந்து, பாசி, பருத்தி, சோளம், நடுநடுவே சீமைக்கருவேல். கோடையில் போனால் கை நுழைகிற அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். நான் போனது கார்த்திகையில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள். ஸ்டேஷனிலிருந்து வீடு போவதற்குள் என் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடை கூடியிருந்தது. கரிசல், வந்தவனை லேசில் விடாது சார்!

என்னை வரவழைத்தவர் மாமா. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை ஆவணியில் காலமாகிவிட்டாள். அதற்கப்புறம் அவர் போனில் என்னிடம் அதிகமாகப் பேசியது இந்த ஒரு விஷயம்தான்.

"மருமவனே, உங்க அத்தை வச்ச செடி ஒரு மாதிரியா தலையத் தொங்கப் போட்டிருக்கு. பத்திரிகையில என்னமெல்லாமோ எழுதுதியே... வந்து பாரேன்."

நான் படித்தது பி.காம். அதில் டெபிட் உண்டு, கிரெடிட் உண்டு, வேர் அழுகல் கிடையாது. இருந்தாலும் கிளம்பினேன்.

செடி எது என்று பார்த்ததுமே தெரிந்தது. கலஞ்சோ. உங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில்கூட இருக்கும். தடித்த இலை, ஓரம் வெட்டு வெட்டாக, உச்சியில் கொத்துக் கொத்தாய்ச் சின்னச் சின்னப் பூ. சொந்த ஊர் மடகாஸ்கர். குளிர் தேசங்களில் பாறை இடுக்கில் பிழைக்கிற செடம் என்ற கல்பூச்செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. நம்ம ஊர் வேலியோரத்து ரணகள்ளிக்குக் கூடப்பிறந்தவள். (அதாங்க, 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்பார்களே... இலையைக் கட்டித் தொங்கவிட்டாலே ஓரத்தில் குஞ்சுச் செடி முளைக்கும்.) பேத்தி பாட்டிக்கு வாங்கிக் கொடுத்த சிவப்புப் பூச் செடி இது.

அத்தை போனபிறகு மாமா அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். சொந்தக் காட்டிலிருந்து பொறுக்கி எடுத்த அசல் கரிசல்! "பருத்தி வெடிச்ச மண்ணுல்லா!" என்றார் பெருமையாக. தினம் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் வேறு. தண்டின் அடியைத் தொட்டேன். கறுத்து, அவித்த கிழங்கு மாதிரி நசுங்கியது.

கரிசலைக் குறை சொல்ல முடியுமா? கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்த மானாவாரி மண்ணோடுதான் குடும்பம் நடத்துகிறது. ஐப்பசி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, தை மாதம் வரைக்கும் பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுக்கிற மண். ரொம்ப நைசான களி. தண்ணீர் பட்டால் உப்பும். உப்பினால் உள்ளே இருக்கிற சந்துபொந்தெல்லாம் அடைபட்டுப் போகும். வேருக்கு மூச்சு முட்டும். ஆழமாக வேர்விடுகிற பருத்தி அதை மழைக்காலத்தில் சகித்துக்கொண்டு வெயிலில் சம்பாதித்துவிடும். கலஞ்சோ அப்படியில்லை. இலையிலேயே தண்ணீர் டாங்க் வைத்துக்கொண்டு பிறந்தது. பகலில் வாயை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் காற்றை இழுக்கும், தண்ணீரை வீணாக்கக் கூடாதாம்!

1810-களிலேயே இந்த ராத்திரி ரகசியத்தை நாக்கால் மோப்பம் பிடித்தவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மிஷன் வேலைக்கு வந்து, கம்பெனிக்குத் தாவர ஆராய்ச்சி பார்த்த ஜெர்மன்காரர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று ஆகிவிடுகிறது என்று மென்று பார்த்து எழுதினார். ராத்திரி சேர்த்த புளிப்பைத்தான் பகலில் செடி செலவழிக்கிறது. (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம்.)

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னால் எடுபடுமா? வேறு மாதிரி கேட்டேன்.

"மாமா, தண்டவாளத்துக்கு அடியில எதுக்கு ஜல்லி?"

"இது என்ன கேள்வி? தண்ணி நிக்கப்பிடாது. கரிசல் ஏரியாவுல ஜல்லி அடைச்சிக்கிட்டுன்னா, வண்டி போகப் போக சேறு மேல பொங்கும். ஸ்லீப்பர் ஆட்டம் போடும். எத்தனை மழையில நின்னு சலிச்சிருக்கேன்!"

சொல்லிக்கொண்டே வந்தவர் தொட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப இதுக்கும் ஜல்லிதான் போடணும்ங்கியா?"

அதேதான்! ஆனால் லைனோரம் போய் அள்ளிவிட்டால் ரயில்வே போலீஸ் கேஸ் போடும், பென்ஷன் வாங்குகிற வயதில் அது வேண்டாம் என்றேன்.

கரிசலிலேயே கொஞ்சம் மணல் கலந்தால் போதாதா என்றார். போதாது. ரெண்டு கை மணல் போட்டால் களிக்குள் மணல் புதைந்து இன்னும் இறுகும், செங்கல் ஆகும். இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாணத்திலிருந்து கரிசலை அப்புறப்படுத்திவிட்டுச் சரள் நிரப்புவது போல, தொட்டியிலும் மண்ணையே மாற்ற வேண்டும். தூத்துக்குடி பக்கம்தானே என்று கடற்கரை மணலுக்கு ஆசைப்படவும் கூடாது, உப்பு. நர்சரியில் வரும்போதே வேரைச் சுற்றித் தேங்காய்நார்த் துகள் உருண்டையாக இருக்கும். அதுவும் ஸ்பாஞ்சு மாதிரி ஈரம் பிடிக்கும், உதிர்த்துவிட வேண்டியதுதான்.

ஆகவே மண் பொறுக்கக் கிளம்பினோம். கயத்தாறு பக்கமிருந்து வீட்டு வேலைக்கு வந்து இறங்கிய செம்மண் தெருக்கோடியில் கிடந்தது. கேட்டு வாங்கினோம். எம்.சாண்டைப் பொடி போக அலசினோம். பழைய ஓட்டை மாமா சுத்தியலால் கடலைமிட்டாய் சைஸுக்கு உடைத்தார். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ரெண்டு பங்கு, ஓட்டுச்சில்லு ஒரு பங்கு, மக்கிய எரு ஒரே ஒரு கை. பரீட்சை சிம்பிள்: ஒரு டம்ளர் ஊற்றினால் பத்து எண்ணுவதற்குள் அடி ஓட்டையில் சொட்ட வேண்டும். சில்லைக் கொஞ்சம் கூட்டியதும் எட்டிலேயே சொட்டியது. மாமா சிக்னல் விழுந்த மாதிரி நிமிர்ந்தார்.

அழுகாத நுனி மூன்றே மூன்றுதான் தேறியது. வெட்டி, காயம் ஆறுவதற்காக ரெண்டு நாள் நிழலில் வைத்தேன். "பட்டினி போடுதியே" என்று மாமா நாலு தடவை வந்து பார்த்தார். மூன்றாம் நாள் நட்டோம். நீண்ட இருட்டு இருந்தால்தான் இது மொட்டு வைக்கும் என்றதும், திண்ணை ட்யூப்லைட்டை ஆறு மணிக்கே அணைக்க ஆரம்பித்தார். பழைய கரிசலைக் கொட்டவிடவில்லை. கொல்லையில் பரப்பி, கொத்தவரை ஊன்றிவிட்டார்.

போன வாரம் போன் வந்தது.

"ரெண்டு புடிச்சிட்டு மருமவனே. ஒண்ணு சந்தேகம்தான்."

"தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தல. காலையில சொம்பைக் கையில வச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கேன், அவ்வளவுதான்."