பகைவனாய் வந்த காவலன்

2013 ஜூலை 19ஆம் திகதி பேட் ட்ரவுட்மன் 89ஆவது வயதில் மறைந்தாரென அறிந்தபோது, அவரது ஆட்டத்தை நேரிற் காணாத என் நெஞ்சமும் கனத்தது.

பிரித்தானியரிடம் சிறைப்பட்ட ஜேர்மனியப் போர்வீரர் அவர். 1949இல் மன்செஸ்ரர் சிற்றிக் கழகம் அவரைக் கோல்காப்பாளராக ஏற்றபோது ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கி எதிர்த்தனர். நாசிகளாற் பெற்றோரை இழந்த அந்நகர் யூதகுரு அலெக்சாண்டர் அல்ற்மனோ, ஒரு தேசத்தின் பழியைத் தனியொருவர்மேற் சுமத்தலாகாதென எழுதினார்.

1956ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திற் கழுத்து முறிந்ததை அறியாமலே அவர் இறுதிவரை நின்று காத்தார். கழகம் 3-1 என வென்றது. 1964இல் அவரது பிரியாவிடை ஆட்டத்துக்கு 47,000 பேருக்கு மேல் திரண்டனர். முன்னர் எதிர்த்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர்.

மன்னிப்பு ஒருநாளிற் பிறப்பதன்று. சனிக்கிழமைதோறும் சிறிது சிறிதாக வளர்ந்தது. அவரை நினைந்துருகிய முதிய இரசிகர்கள், தம் பகையைத் தாமே வென்ற அந்நாள்களையும் நினைந்திருப்பரென்றே எண்ணுகிறேன்.